ஆயிரம் ரூபாயும் ஐந்து தேர்தல்களும்: தருமபுரியில் பெண்களின் ஓட்டு

2024 ஜூன் 4. தருமபுரி மக்களவைத் தொகுதியில் ஓட்டு எண்ணத் தொடங்கியபோது பா.ம.க.வின் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். சுற்றுகள் போகப்போக வித்தியாசம் சுருங்கி, தி.மு.க.வின் ஆ. மணி முந்தினார். முடிவில் மணிக்கு 4,32,667, சௌமியாவுக்கு 4,11,367, அ.தி.மு.க.வின் அசோகனுக்கு 2,93,629. வித்தியாசம் 21,300 ஓட்டு. முடிவு வந்த கையோடு விளக்கமும் வந்துவிட்டது: குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத்தொகை வேலை செய்துவிட்டது, பெண்கள் ஆயிரம் ரூபாய்க்கு நன்றிக்கடன் தீர்த்துவிட்டார்கள். ஜெயித்த பக்கம் இதைப் பெருமையாகச் சொன்னது, தோற்ற பக்கம் எரிச்சலோடு சொன்னது. சொன்னது என்னவோ ஒன்றுதான்.

இந்த விளக்கம் உடைவதற்குப் பழைய முடிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும். 2019-ல் இதே தொகுதியில் தி.மு.க.வின் செ. செந்தில்குமார் வாங்கியது 5,74,988. எதிர்த்து நின்ற அன்புமணி ராமதாஸ் வாங்கியது 5,04,235. அப்போது உரிமைத்தொகை கிடையாது, கட்டணமில்லாப் பேருந்து கிடையாது, காலை உணவுத் திட்டம் கிடையாது. மூன்றும் வந்த பிறகு நடந்த தேர்தலில் தி.மு.க.வின் ஓட்டு 1,42,321 குறைந்திருக்கிறது. மணி ஜெயித்ததற்கு முதல் காரணம், 2019-ல் ஒரே அணியில் இருந்த அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் 2024-ல் தனித்தனியாக நின்றது. அந்த இரண்டு கட்சிகளின் ஓட்டையும் கூட்டினால் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது.

அப்படியானால் திட்டத்துக்கு எந்தப் பலனும் இல்லையா? அதுவும் அவசரம்தான். 21,300 என்பது மிகச் சிறிய வித்தியாசம். திட்டம் இல்லாதிருந்தால் 1,42,321-க்குப் பதில் 1,65,000 குறைந்திருக்கலாம், தொகுதியும் கைமாறியிருக்கலாம். ஆகவே "பெண்கள் பணத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், போடவில்லை" என்கிற சண்டையை ஒதுக்கிவிட்டு, இந்த மாவட்டத்தில் பெண் என்கிற நிலையும் அரசின் கொள்கையும் ஓட்டை எந்தெந்த இடத்தில் தொடுகின்றன என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. நான் கண்டவரை, நலத்திட்டம் தொடுகிற இடத்தைவிட நாம் கவனிக்காத வேறு சில இடங்களில்தான் அழுத்தம் அதிகம்.

வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள்

தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். தருமபுரி மாவட்டத்தில் நிலைமை தலைகீழ். பட்டியலில் ஆண்கள்தான் சற்றுக் கூடுதல். இதற்கும் ஓட்டுரிமை விழிப்புணர்வுக்கும் சம்பந்தமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 946 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்தால் 913. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2001-ல், அதே கணக்கு 826.

826 என்கிற எண்ணை ஓட்டுக் கணக்காக யாரும் பார்ப்பதில்லை. 2001-ல் ஆறு வயதுக்குள் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் 2019 தேர்தலுக்குள் 18 வயதைத் தொட்டுவிட்டார்கள். 2024-ல் அவர்கள் இருபதுகளில் இருக்கும் வாக்காளர்கள். அந்த வயதுக் கூட்டத்தில் பெண்கள் குறைவு. ஏனென்றால் பிறக்கவிடவில்லை, அல்லது பிறந்த பிறகு இருக்கவிடவில்லை. பெண் சிசுக்களைக் கொன்ற கள்ளிப்பாலும் நெல்மணியும் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் தருமபுரியில் பிடிபட்டதைச் செய்தியில் படித்துவிட்டும் கடந்துவிட்டோம். அந்த மரணங்கள் வாக்காளர் பட்டியல் வரைக்கும் வந்து நிற்கின்றன என்பதைத்தான் பேசவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 1992-ல் சேலத்தில் ஜெயலலிதா தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் வந்தது, சட்டம் கடுமையானது, செவிலியர்கள் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். 826 என்பது 913 ஆனதில் இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் இந்தத் திட்டங்களுக்காக எந்தக் கட்சிக்கும் தருமபுரியில் ஓட்டு விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உயிர் பிழைத்த பெண் குழந்தைக்கு அப்போது ஓட்டு இல்லை. ஓட்டு வைத்திருந்த குடும்பத்துக்கு அந்தத் திட்டம் ஒரு கண்காணிப்பு. நல்ல கொள்கை ஓட்டாக மாறும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1989-லிருந்து தொப்பூர் வரை

தருமபுரிக்கு வேறொரு கதையும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்கிற ஏற்பாடு முதலில் இறங்கிய மாவட்டம் இதுதான். 1989-ல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கே தொடங்கியது. அதே ஆண்டுதான் பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தமும், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டமும் வந்தன. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. 2004-ல்தான் பிரிந்தது.

முப்பத்து நான்கு வருடம் கழித்து, 2023 ஜூலை 24 அன்று, மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது தருமபுரி மாவட்டம் தொப்பூரில். தொப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கணவாயில் கவிழும் லாரிதான் நினைவுக்கு வரும். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு மேடையில் சொல்லப்பட்ட காரணம் 1989. சொல்லாத காரணத்தையும் ஊகிக்கலாம்: 2021 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் ஒன்றைக்கூட தி.மு.க. அணி பிடிக்கவில்லை.

முகாமைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். டோக்கனும் விண்ணப்பமும் ரேஷன் கடை மூலமாக வீட்டுக்கே வந்தன. பதிவு செய்ய உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், அதாவது அதே ஊர்ப் பெண்கள். ஆதார், ரேஷன் கார்டு, மின் இணைப்பு எண், பாஸ்புக், விரல் ரேகை. தகுதி இப்படி: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை என்றால் ஐந்து ஏக்கர், புஞ்சை என்றால் பத்து ஏக்கருக்குள், வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவான மின்சாரம், வீட்டில் கார் கூடாது. பத்து ஏக்கர் புஞ்சை என்கிற விதி காவிரிப் பாசனத்து ஆளுக்குப் பெரிதாகத் தெரியாது. மானாவாரியில் ராகியும் துவரையும் போடுகிற பென்னாகரம், அரூர் பக்கத்துக்கு அது பெரிய வாசல்.

அதைவிட முக்கியமான விதி, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவி. ஒரு கூரையின் கீழ் மாமியார், இரண்டு மருமகள்கள், கார்டு ஒன்று. பணம் யாருக்கு? அநேகமாக மாமியாருக்கு. மருமகள் கேட்பது நியாயம், மாமியார் விடாததும் எதிர்பார்த்ததுதான். உடனே தனிக்கார்டு பேச்சு எழும். தனிக்கார்டு வேண்டுமென்றால் தனி அடுப்பு, தனி சிலிண்டர் காட்ட வேண்டும். இப்படி ஓர் உதவித்தொகை விதி, சமையலறையைப் பிரிக்கிற அளவுக்கு உள்ளே போகிறது. அரசியல் ஆய்வாளர்கள் 'பெண் வாக்காளர்' என்று ஒற்றையாகப் பேசுகிறார்களே, அந்த வீட்டிலேயே பணம் வாங்குகிற பெண்ணும் வாங்காத பெண்ணும் இருக்கிறார்கள். மாமியாரின் ஆயிரம் மருமகளின் ஓட்டை எந்தப் பக்கம் தள்ளும் என்று யார் கணித்துச் சொல்வது?

2023 செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோது மாநிலம் முழுக்க 1 கோடியே 6 லட்சம் பேருக்குப் பணம் போனது. விண்ணப்பித்தவர்கள் அதைவிட அதிகம். நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்தவர்கள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றது அரசு. பக்கத்து வீட்டுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்கிற கோபம் தகுதி பார்த்துத் தரும் எந்தத் திட்டத்துக்கும் உடன்பிறந்தது. எல்லோருக்கும் தரும் திட்டத்தில் இந்தக் கோபம் இருக்காது. கட்டணமில்லாப் பேருந்தில் வருமானச் சான்று கேட்பதில்லை. 2021 மே மாதம் அது வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான் இலவசம். சிற்றுந்தும் தனியார் பேருந்தும் மட்டுமே எட்டிப்பார்க்கிற ஊர்ப் பெண்ணுக்கு அந்த அறிவிப்பு காதில் விழுந்த சேதி மட்டும். அடுத்த ஆண்டு ஓர் அமைச்சர் 'ஓசி' என்று சொல்லப்போய் ஊரே கொதித்தது நினைவிருக்கும். பயணத்தை வாங்கிக்கொண்ட பெண்களே அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

ஐந்து தேர்தல்கள்

2014-லிருந்து வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: தருமபுரி, மாநிலம் போகிற பக்கம் போகிற மாவட்டம் இல்லை.

2014-ல் ஜெயலலிதா தனியாக நின்று 39-ல் 37 தொகுதிகளை அள்ளினார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வீட்டுக்கு வீடு வந்திருந்தன. அம்மா உணவகம் புதிது. பெண்கள் அவருக்கே போட்டார்கள் என்று அப்போதும் எழுதினார்கள். தப்பிய இரண்டு தொகுதிகள் கன்னியாகுமரியும் தருமபுரியும். இங்கே அன்புமணி 77,146 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துப் பெண்களின் பெரிய சுமை தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் பழுப்பாகும், எலும்பு வளையும், குடத்தைத் தூக்குவதும் அவர்கள்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. மறுவருடமே தேர்தல். திட்டத்தைத் தொடங்கிய கட்சியும் முடித்த கட்சியும் தோற்றன.

காரணம் தெரிந்ததுதான். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கு மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. தொடக்கம் ஒரு காதல் திருமணம்; வன்னியர் வீட்டுப் பெண், தலித் இளைஞர். அதைத் தொடர்ந்து மாவட்டமெங்கும் நடந்த அணிதிரட்டலின் மையப் பேச்சு 'நம் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றுவது'. இதை எல்லோரும் சாதி அரசியல் என்று மட்டும் கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு இது பாலின அரசியலும்தான். ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தது ஒரு தொகுதியின் தேர்தலை நகர்த்தியது. ஆனால் அந்தத் தேர்தலில் அவளைப் போன்ற பெண்களின் விருப்பத்தைப் பற்றிக் கேட்க ஓர் ஆளும் இல்லை. பெண்ணுக்கான திட்டங்கள் ஒரு பக்கம், பெண்ணின் மேலான காவல் இன்னொரு பக்கம். 2014-ல் இரண்டாவது வென்றது.

2016 இன்னும் சுவாரசியம். குடியால் நொந்துபோன பெண்களின் ஓட்டு மதுவிலக்குக்கு விழும் என்று எல்லாக் கட்சியும் நம்பிய தேர்தல். தி.மு.க. மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக என்றது. இந்தக் கோரிக்கையை வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த கட்சி பா.ம.க. முதல்வர் வேட்பாளராக அன்புமணி நின்றது பென்னாகரத்தில். மதுவிலக்குப் பேச்சுக்கு அதைவிட நல்ல மண்ணும் ஆளும் சேர்ந்து அமையாது. தி.மு.க.வின் இன்பசேகரனிடம் தோற்றார். மாநிலம் முழுக்க பா.ம.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. சாராயத்தை வெறுக்கிற பெண், சாராயத்தை ஒழிப்பேன் என்கிறவருக்கு ஓட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர் ஆட்சிக்கு வருவாரா என்றும் பார்ப்பாள், தன் தெருவுக்கு அவர் யார் என்றும் பார்ப்பாள். தலித் காலனியில் இருக்கிற பெண்ணுக்கு 2012 மறந்திருக்குமா?

2019-ஐ மேலே பார்த்தோம். 2021-ல் மார்ச் 7 அன்று தி.மு.க. குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 என்றது; அடுத்த நாளே அ.தி.மு.க. 1500 என்றது, வருடத்துக்கு ஆறு சிலிண்டரும் சேர்த்தது. அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 26-ல், தேர்தல் தேதி அறிவிக்கும் சில மணி நேரத்துக்கு முன்னால், வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியிருந்தது. மாநிலம் தி.மு.க.வுக்குப் போனது. தருமபுரியின் ஐந்து தொகுதியும் எதிரணிக்கு: பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் அ.தி.மு.க., தருமபுரி, பென்னாகரம் பா.ம.க. ஆயிரமா ஆயிரத்து ஐந்நூறா என்று பெண்கள் ஏலம் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால், அதே ஏலம் நடந்த பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு தொகுதிகள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தது ஏன் என்று கேட்க வேண்டும். கிருஷ்ணகிரித் தொகுதியில் வித்தியாசம் வெறும் 794.

2024-க்கு வந்தால், உரிமைத்தொகை பற்றிய பேச்சு மாறியிருந்தது. கொடுத்தார்கள் என்பதைவிட, நின்றுவிடுமோ என்பது பிரசாரமானது. வரும் பணத்துக்கு நன்றி சீக்கிரம் தேயும். மாதம் 15-ஆம் தேதி ஆனால் போனில் வரும் குறுஞ்செய்தி பாலுக்கும் சீட்டுக்கும் ஏற்கனவே கணக்கில் ஏறிவிட்டது. நின்றுவிடும் என்கிற பயம் அப்படித் தேயாது. ஒசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2000 ரூபாய் தருகிறார்கள் என்பது வேறு தெரியும். எனவே 2024-க்குள் இந்தத் திட்டம் ஒரு கட்சியின் கொடை என்கிற நிலையிலிருந்து, எந்தக் கட்சி வந்தாலும் தொட முடியாத ஒன்றாகிவிட்டது என்றே நினைக்கிறேன். பெண்களைப் பொறுத்தவரை அது வெற்றி. ஓட்டு எண்ணுகிற கட்சிக்கு அது அத்தனை லாபம் இல்லை.

வரிசையில் நிற்பவர்கள்

தருமபுரிக்காரர்கள் ஓட்டுப் போடுவதில் கில்லாடிகள். 2024-ல் தமிழ்நாட்டின் சராசரி 69.72 சதவீதம், தருமபுரி 81.20, மாநிலத்திலேயே முதல். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தின் முதல் இடம் பாலக்கோட்டுக்கு, 87.33. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமும் இதுதான். பெண்களில் 60 சதவீதம் பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படித்தவர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள் என்கிற பாடப்புத்தகத்துக் கருத்தை இங்கே கொண்டுவர முடியாது.

ஏன் இப்படி என்பதற்கு என் கணிப்பு: பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போன ஆண்கள் தேர்தலுக்கு ஊர் திரும்புவது இங்கே கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஊரில் இருக்கிற பெண்களின் வரிசை காலை ஏழு மணிக்கே நீண்டுவிடும். நூறு நாள் வேலைக்குக் கூட்டமாகப் போய்ப் பழகிய பெண்கள், குழுக் கூட்டத்துக்குச் சேர்ந்து போய்ப் பழகிய பெண்கள், ஓட்டுக்கும் சேர்ந்தே போகிறார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் மனித நாட்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களுடையவையாக இருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்ததும் அங்கேதான். தனியாக வெளியே போகக் கூச்சப்படும் ஊரில் சேர்ந்து வெளியே போகும் பழக்கத்தைக் கொடுத்தது எந்தத் தேர்தல் ஆணையப் பிரசாரமும் இல்லை, இந்த இரண்டும்தான். கொள்கை பெண்ணின் ஓட்டை எந்தக் கட்சிக்குத் திருப்பியது என்பது தெரியாவிட்டாலும், வாக்குச்சாவடிக்கு நடக்க வைத்ததில் அதற்குப் பெரிய கை உண்டு. 1962 பொதுத்தேர்தலில் நாடு முழுக்க ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே வாக்குப்பதிவில் 16 சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தது. 2019-ல் அது மறைந்து பெண்கள் ஒரு நூலளவு முந்தினார்கள்.

ஆனால் இதற்கு மேல் எண்கள் பேசாது. வாக்குச்சாவடியில் ஆண் வரிசை, பெண் வரிசை தனித்தனி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று மேலே தகவல் போகும். விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, அவள் இயந்திரத்தின் மறைப்புக்குப் பின்னால் போனதும் பெண் என்கிற அடையாளம் அறுந்துவிடும். எண்ணிக்கை முடிந்ததும் வெளியாகும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் சாவடி வாரியாகக் கட்சி ஓட்டு கிடைக்கும். அதில் ஆண், பெண் பிரிவு இருக்காது. பெண்கள் அதிகம் ஓட்டுப் போட்ட சாவடியில் ஒரு கட்சி அதிகம் வாங்கியிருந்தால், பெண்கள் போட்டதால்தான் என்று சொல்ல முடியாது. அந்தச் சாவடியின் தெருவில் எந்தச் சாதி குடியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே தொலைக்காட்சியில் 'பெண்கள் ஓட்டு இத்தனை சதவீதம் இவருக்கு' என்று அடித்துப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது கொஞ்சம் தள்ளுபடி போட்டுக் கேட்பது நல்லது.

வேட்பாளர் பெண்ணாக இருந்தபோது

1977-லிருந்து தருமபுரி மக்களவைத் தொகுதியில் ஒரு பெண்ணும் ஜெயித்ததில்லை. 2024-ல் பா.ம.க. முதலில் அறிவித்ததும் ஓர் ஆண் பெயரைத்தான். பிறகு மாற்றி சௌமியா என்றார்கள். கட்சித் தலைவரின் மனைவி என்பதால் வாரிசு அரசியல் என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம், தவறும் இல்லை. அவருடைய உடன்பிறந்தவர் எம்.கே. விஷ்ணு பிரசாத் அதே தேர்தலில் கடலூரில் காங்கிரஸ் சார்பில் நின்று, பா.ம.க. வேட்பாளரையும் சேர்த்துத் தோற்கடித்தார் என்பது தமிழக அரசியலின் தனி ருசி.

ஆனால் களத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். பசுமைத் தாயகத்தின் தலைவராகச் சுற்றுச்சூழல் பேசிப் பழகியவர் அவர். பிரசாரத்தில் காவிரி உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தை முன்னே வைத்தார். மகள்களும் வீதிக்கு வந்தார்கள். பெண்கள் அடுப்படி வரைக்கும் கூப்பிட்டுப் பேசக்கூடிய வேட்பாளர் என்பது ஆண் வேட்பாளருக்குக் கிடைக்காத வசதி. 2014-ல் 'பெண்ணைக் காப்பது' பற்றிப் பேசிய அதே வட்டாரத்தில் அதே கட்சி பத்து வருடம் கழித்து ஒரு பெண்ணை நிறுத்தித் தண்ணீர் பற்றிப் பேச வைத்தது. இதைக் கொள்கை மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டணியில் அ.தி.மு.க. இல்லாத நேரத்தில் வேறு ஓட்டுகளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் அது. இருந்தாலும், ஆயிரம் ரூபாய் தந்த ஆளுங்கட்சியின் ஆண் வேட்பாளரை 21,300 வரைக்கும் நெருக்கியிருக்கிறார்.

நாம் தமிழர் கட்சியும் பாதி இடங்களைப் பெண்களுக்குத் தரும் வழக்கப்படி இங்கே அபிநயாவை நிறுத்தி 65,000-க்கு மேல் வாங்கியது. இரண்டு பெண்களின் ஓட்டையும் கூட்டினால் ஜெயித்தவர் வாங்கியதைவிட அதிகம். கிருஷ்ணகிரியில் அதே கட்சியின் வித்யா ராணி ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார். அதில் வீரப்பனின் மகள் என்பதற்கு எவ்வளவு, வேட்பாளர் பெண் என்பதற்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண் என்றால் யாருடைய மனைவி, யாருடைய மகள் என்பது கூடவே வருகிறது. பர்கூரில் 1991-ல் ஜெயித்து 1996-ல் 8,366 ஓட்டில் தோற்ற ஜெயலலிதாவை விட்டுவிட்டால், இந்த வட்டாரத்தில் தன் பெயரால் மட்டுமே பெரிய தேர்தலை நகர்த்திய பெண் தலைவர் அபூர்வம். மூவாயிரம் ஓட்டுள்ள ஊராட்சியில் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். தமிழ்நாடு 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் செய்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடத்தியது. தருமபுரியில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. பாதியில் பெண் தலைவர்கள். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசுவது பல இடங்களில் நடந்ததுதான். 'தலைவர் வீட்டுக்காரர்' என்பதே ஒரு பதவிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஐந்து வருடம் கிராம சபையில் நின்று தெருவிளக்குக்கும் குழாய்க்கும் பதில் சொன்ன பெண்களில் சிலர், முடிவில் வீட்டுக்காரரை வெளியே உட்கார வைக்கக் கற்றுக்கொண்டார்கள். சௌமியாவைப் போன்றவர்களின் இடத்துக்கு நாளை குடும்பப் பெயர் இல்லாத ஒருவர் வர வேண்டுமென்றால், அவர் வரக்கூடிய இடம் இந்த ஊராட்சிகள்தான்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை நியமித்தது அரசு. ஆயிரம் ரூபாய் ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் தருமபுரியில் சாலை மறியல் நடந்திருக்கும். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 290 பெண்களின் நாற்காலி ஒரே நாளில் காலியானதற்கு ஒரு சாலையிலும் யாரும் உட்காரவில்லை.